என்கோலோ கான்டே: அடிக்கடி கேக்குற கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

யாரு இந்த கான்டே? ஒரு பத்தியில சொல்லுங்க.

1991 மார்ச் 29 பாரிஸ்ல பிறந்த ஃபிரெஞ்சு மிட்ஃபீல்டர். அஞ்சரை அடி உயரம். 2016ல லெஸ்டர் சிட்டியோட பிரீமியர் லீக், 2017ல செல்சியோட பிரீமியர் லீக், 2018ல ஃபிரான்ஸோட உலகக் கோப்பை, 2021ல செல்சியோட சாம்பியன்ஸ் லீக். இவரைப் பத்தி யாரைக் கேட்டாலும் ரெண்டே விஷயம்தான் சொல்லுவாங்க, ஒண்ணு நிக்காம ஓடுவாரு, ரெண்டு ரொம்ப நல்ல மனுஷன். ரெண்டும் பொய் இல்ல. ஆனா இந்த ரெண்டையே திருப்பித் திருப்பி சொல்லி அந்த ஆளோட மூளையைப் பத்தி யாருமே பேசாம போயிட்டாங்கன்னு எனக்கு ஒரு கடுப்பு உண்டு, அதனால கீழ இருக்குற பதில்கள்ல பாதி அந்தக் கடுப்புலதான் எழுதுனது.

சின்ன வயசு எப்படி?

அப்பா அம்மா மாலி நாட்டுக்காரங்க, 1980ல ஃபிரான்ஸுக்கு வந்தவங்க. பாரிஸுக்கு மேற்கால ருயி மல்மெசோன்னு ஒரு புறநகர், அங்க வளந்தாரு. 11 வயசுல அப்பா போயிட்டாரு. பேரு கூட சும்மா வெச்சது இல்ல, 18ஆம் நூற்றாண்டுல மாலி பக்கம் செகுவை ஆண்ட என்கோலோ ஜாராங்குற ராஜாவோட பேரு. பக்கத்து ஊர் சுரேன்ல இருந்த ஜேஎஸ் சுரேன்ங்குற அமெச்சூர் கிளப்லதான் சின்னப் பையனா சேந்து 19 வயசு வரைக்கும் ஆடுனாரு.

19 வயசு வரைக்கும் அமெச்சூரா? பெரிய அகாடமி எதுவும் எடுக்கலையா?

எடுக்கல. பாரிஸ் புறநகர்னா உலகத்துலயே அதிகமா ஃபுட்பால் பிளேயர்ஸ் விளையுற இடங்கள்ல ஒண்ணு, வாராவாரம் ஸ்கவுட்டுங்க அங்க சுத்திக்கிட்டேதான் இருப்பாங்க, 13 வயசுலயே நல்ல பசங்களைப் பொறுக்கி ஃபிரான்ஸோட தேசிய ட்ரெய்னிங் சென்டரான கிளேர்ஃபோன்டேன் மாதிரி இடத்துக்கும் கிளப் அகாடமிக்கும் கொண்டு போயிடுவாங்க. கான்டே குட்டையா ஒல்லியா இருந்தாரு, பேச மாட்டாரு, ட்ரிபிள் பண்ணி நாலு பேரைத் தாண்டிக் காட்ட மாட்டாரு. ட்ரயல்ல ஒரு பையனை ஒரு மணி நேரம் பாக்குற ஸ்கவுட்டுக்கு என்ன தெரியும், பந்து வர்றதுக்கு முன்னாடியே சரியான இடத்துல நிக்குற பையனைக் கண்டுபிடிக்கணும்னா நீங்க பந்தைப் பாக்காம அவனைப் பாக்கணும், அதை யாரு பண்ணுவா. சில கிளப்ல ட்ரயல் போயும் வேலைக்கு ஆகல.

2010ல புலோன் கிளப்போட ரிசர்வ் டீம்ல இடம் கிடைச்சுது. வடக்கு ஃபிரான்ஸ், கடலோர ஊரு, அப்பதான் ஃபிரான்ஸோட முதல் டிவிஷனான லீக் 1ல இருந்து இறங்குன டீம். அங்க ட்ரெய்னிங்குக்கு உந்து ஸ்கூட்டர்ல, அதான் ஒரு கால்ல தள்ளிக்கிட்டே போவோமே அதுல போவாராம், கூடவே அக்கவுன்டிங் படிச்சாரு. ஃபுட்பால் கைவிட்டா ஆபீஸ் வேலைக்குப் போக ரெடியா இருந்த ஆளு.

ப்ரொஃபஷனல் மேட்ச் முதல்ல எப்ப?

2012 மே மாசம், ரெண்டாவது டிவிஷனான லீக் 2 சீசனோட கடைசி ரவுண்டு, மொனாக்கோவுக்கு எதிரா சப்ஸ்டிட்யூட்டா உள்ள வந்தாரு. புலோன் தோத்துச்சு, அந்த சீசனோட கீழ் டிவிஷனுக்கும் இறங்கிடுச்சு. அப்போ வயசு 21. அடுத்த வருஷம் மூணாவது டிவிஷன்ல 37 மேட்ச். இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா இதுல இருந்து சரியா ஆறு வருஷம் ரெண்டு மாசத்துல மாஸ்கோல உலகக் கோப்பை ஃபைனல் ஆடுறாரு.

லெஸ்டருக்கு எப்படி வந்தாரு?

நடுவுல நார்மண்டியில இருக்குற கான் கிளப் ரெண்டு வருஷம். 2013-14ல லீக் 2ல 38 மேட்ச்சும் ஆடி டீம் மேல ஏறுச்சு, அடுத்த சீசன் லீக் 1ல யாரும் பறிக்காத அளவுக்குப் பந்து பறிச்சாரு. அந்த நம்பரைப் பாத்துட்டுதான் லெஸ்டர்ல ஆள் தேடுற வேலையில இருந்த ஸ்டீவ் வால்ஷ் பிடிச்சுக்கிட்டாரு. புது கோச் ரனியெரிக்கு ஆரம்பத்துல பெருசா நம்பிக்கை இல்ல, இவ்ளோ சின்ன ஆளு இங்கிலாந்துல தாங்குவாரான்னு யோசனை, வால்ஷ் விடாம நச்சரிச்சு வாங்க வெச்சாரு. 2015 ஆகஸ்ட், 56 லட்சம் பவுண்டு. அந்தக் காசுக்கு இங்கிலாந்துல அப்போ ஒரு உருப்படியான பேக்கப் ஃபுல்பேக் கூட கிடைச்சிருக்காது.

முதல் மேட்ச் சண்டர்லேண்டுக்கு எதிரா, கடைசி சில நிமிஷத்துக்கு வார்டிக்குப் பதிலா இறங்குனாரு. மெதுமெதுவா டீம்ல உக்காந்துட்டாரு.

லெஸ்டர் ஜெயிச்சது வார்டி, மஹ்ரெஸ்ஸாலதானே? கான்டேக்கு இவ்ளோ பில்டப் தேவையா?

கோல் அடிச்சது அவங்கதான், இல்லைன்னு யாரு சொன்னா. மஹ்ரெஸ்தான் அந்த வருஷம் ஆட்டக்காரர் சங்கத்தோட (பிஎஃப்ஏ) அவார்டு வாங்குனாரு, தகுதியானவர்தான். ஆனா லெஸ்டர் ஆடுன விதத்தை யோசிங்க. 4-4-2, நடுவுல ரெண்டே பேரு, கான்டேயும் டிரிங்க்வாட்டரும். எதிர் டீமுங்க எல்லாம் நடுவுல மூணு பேரை வெச்சு ஆடுற காலம் அது, கணக்குப்படி லெஸ்டர் நடுவுல தினமும் அடி வாங்கியிருக்கணும். வாங்கல. ஏன்னு வால்ஷே கிண்டலா சொன்னது ஒண்ணு இருக்கு, நாங்களும் மூணு பேரோடதான் ஆடுறோம், நடுவுல டிரிங்க்வாட்டர், ரெண்டு பக்கமும் கான்டேன்னு.

அந்த சீசன்ல 175 டேக்கிள், 156 இன்டர்செப்ஷன், ரெண்டுலயும் லீக்ல முதல் இடம். இதுல டேக்கிளை விட அந்த 156தான் எனக்கு முக்கியம். டேக்கிள்ங்குறது ஆள் கிட்ட பந்து போனப்புறம் போய்ப் பிடுங்குறது. இன்டர்செப்ஷன்னா பாஸ் எங்க போகப்போகுதுன்னு அடிக்கிறவன் முடிவு பண்ற அதே நொடியில இவரும் கண்டுபிடிச்சு நடுவுல போய் நிக்கிறது. வார்டி ஓடி அடிச்ச எத்தனையோ கவுன்டர் அட்டாக் அங்க இருந்துதான் கிளம்புச்சு, ஹைலைட்ஸ்ல பாஸ்ல இருந்து காட்டுவாங்க, அதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடி இருந்து பாத்தா இந்தக் குட்டை உருவம் தெரியும்.

2016 மே 2, டாட்டன்ஹாம் செல்சி கிரவுண்டுல 2-2 டிரா பண்ணப்போ லெஸ்டர் சாம்பியன் ஆச்சு. சீசன் ஆரம்பத்துல பந்தயக் கம்பெனிங்க 5000க்கு 1னு போட்டு வெச்ச டீம். கடைசியில 81 பாயின்ட், ரெண்டாவது வந்த ஆர்செனலை விட 10 அதிகம். கோடையில கான்டேயை செல்சி 3.2 கோடி பவுண்டுக்கு வாங்கிருச்சு. அடுத்த சீசன் லெஸ்டர் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு, பிப்ரவரியில ரனியெரியையே வேலையை விட்டு அனுப்புனாங்க, கடைசியில 12ஆவது இடம். முந்துன சீசன் 10ஆவதா இருந்த செல்சி 93 பாயின்டோட சாம்பியன். ஒரே ஒரு ஆளாலதான் இது எல்லாம்னு சொன்னா ஓவர், புது கோச்சா அன்டோனியோ கோன்டே வந்தாரு, ஸ்டார் அட்டாக்கர் ஹசார்ட் ஃபார்முக்கு வந்தாரு, செல்சிக்கு ஐரோப்பிய மேட்ச்சே இல்லாததால ஃப்ரெஷ்ஷா இருந்தாங்க. ஆனாலும் யோசிக்க வைக்குதுல்ல.

ரெண்டு வேற வேற கிளப்புக்கு அடுத்தடுத்த வருஷம் டைட்டில், இது பெரிய விஷயமா?

இங்கிலாந்துல கோல்கீப்பர் இல்லாத ஆட்டக்காரர்கள்ல இதுக்கு முன்னாடி இப்படிச் செஞ்சது எரிக் கான்டோனா. 1992ல லீட்ஸ், 1993ல மான்செஸ்டர் யுனைடெட். அவரும் ஃபிரெஞ்சுக்காரர்தான், ஆனா ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சா சிரிப்புதான் வரும், அவரு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ராஜா மாதிரி நடப்பாரு, இவரு போட்டோல ஓரத்துல நிப்பாரு.

2017ல பிஎஃப்ஏ சிறந்த வீரர், கால்பந்து எழுத்தாளர் சங்கத்து சிறந்த வீரர், பிரீமியர் லீக் சிறந்த வீரர், மூணும் கான்டேக்கு. லீக்ல அந்த சீசன் முழுக்க ஒரே கோல், 4-0ன்னு ஜெயிச்ச யுனைடெட் மேட்ச்ல. ஒரு கோல் வெச்சு இத்தனை அவார்டு வாங்குன மிட்ஃபீல்டரை இன்னொருத்தர் காட்டுங்க பாப்போம்.

இவரு "புது மேக்கலேலே"வா?

இந்தக் கேள்விதான் நெறைய வருது. மேக்கலேலே முன்ன செல்சியில ஆடுன ஃபிரெஞ்சு மிட்ஃபீல்டர். ஃபிரெஞ்சு, குட்டை, செல்சி, தடுப்பாட்டம், அதனால ஒண்ணுன்னு முடிவு பண்ணிடுறாங்க. இல்ல. மேக்கலேலே டிஃபன்ஸுக்கு முன்னாடி ஒரு இடத்துல நின்னு காவல் காப்பாரு, அந்த இடத்தை விட்டு நகர மாட்டாரு, அதுதான் அவரோட பெருமை. கான்டே நேர் எதிர். அவரு இடத்தை விட்டு வெளிய போய்ப் பறிக்கிற ஆளு. பறிச்சதும் பக்கத்துல குடுத்துட்டு நிக்காம அப்படியே பந்தோட 20, 30 மீட்டர் முன்னாடி போயிடுவாரு, எதிர் டீம் அட்டாக்குக்காக முன்னாடி ஏறி வந்திருப்பாங்க, அந்த ஓட்டைக்குள்ள. ஒருத்தரை ஒரு இடத்துல கட்டிப் போட்டா கான்டேயோட பாதி ஆட்டம் போயிடும்.

இதை நல்லாப் புரிஞ்சுக்கணும்னா ஒரு தடவை மட்டும் பந்தைப் பாக்காம அவரை மட்டும் பாத்துக்கிட்டு இருங்க. எதிராளி பந்தை வாங்கத் திரும்புறப்போ அவரோட பின்பக்கத்துல இருந்து, கண்ணுக்குத் தெரியாத பக்கமா நெருங்குவாரு. தரையில விழுந்து சறுக்குறது ரொம்பக் கம்மி, நின்னுக்கிட்டே கால் நுனியால பந்தை ஒரு தட்டு. உயரம் கம்மியா இருக்குறதால சட்டுனு திரும்ப முடியும், மோதுனாலும் சாய மாட்டாரு. 15 வயசுல எதைக் குறைன்னு சொல்லி ஒதுக்குனாங்களோ அது அப்படியே ஆயுதம்.

ஜோர்ஜின்யோ வந்தப்போ ஏன் இடத்தை மாத்துனாங்க? அது தப்பா?

2018ல சாரி கோச்சா வந்தாரு, கூடவே நாபோலியில இருந்து ஜோர்ஜின்யோவை வாங்குனாங்க. மூணு பேரு மிட்ஃபீல்டுல நடுவுல ஜோர்ஜின்யோ, வலது பக்கம் கொஞ்சம் முன்னாடி கான்டே. அப்போ இங்கிலாந்து ஃபுட்பால் விமர்சகருங்க எல்லாம் வாராவாரம் டிவியில ஒப்பாரி, உலகத்துலயே பெஸ்ட் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை ஓரத்துல தள்ளிட்டாங்கன்னு. எனக்கு இதுல பாதிக்குப் பாதிதான் உடன்பாடு. கடைசி பாஸ், கிராஸ் எல்லாம் அவருக்கு அவ்ளோ வராது, அது உண்மை. ஆனா ஹடர்ஸ்ஃபீல்டு மேட்ச்ல கோல், டிசம்பர்ல மான்செஸ்டர் சிட்டியை 2-0ன்னு ஜெயிச்சப்போ முதல் கோல், மேல நின்னு பிரஸ் பண்ணிப் பறிக்கிறதுன்னு அந்த வருஷம் அவரு புதுசா நெறைய கத்துக்கிட்டாரு, 2021ல நடந்ததுக்கு விதை அங்கதான் விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். யூரோப்பா லீக் ஃபைனல் 2019 மே, பாக்கூவுல, முட்டியில அடியோட இறங்கி ஆர்செனலை 4-1 ஜெயிச்சாங்க. அதுக்குப் பிறகு உடம்பு அடிக்கடி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது.

ஃபிரான்ஸுக்கு எப்போ ஆட ஆரம்பிச்சாரு? மாலி கூப்பிட்டாங்களாமே?

கூப்பிட்டாங்க, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்கு, வேண்டாம்னுட்டாரு. 2016 மார்ச் நெதர்லாந்துக்கு எதிரா ஃபிரான்ஸ் டீம்ல முதல் மேட்ச், நாலு நாள் கழிச்சு தன்னோட 25ஆவது பிறந்தநாள்ல ரஷ்யாவுக்கு எதிரா முதல் ஸ்டார்ட்ல கோல். அந்த வருஷ யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகள் கோப்பை, சொந்த நாட்டுல நடந்துச்சு, ஃபைனல்ல போர்ச்சுகல் கிட்ட தோத்தப்போ இவரு பெஞ்சுல உக்காந்திருந்தாரு. கோச் டெஷாம்ப் அடுத்த ரெண்டு வருஷத்துல அந்த யோசனையை மாத்திக்கிட்டாரு. டெஷாம்பே ஆடுற காலத்துல இதே மாதிரி வேலை பாத்த மிட்ஃபீல்டர்தான், கான்டோனா அவரை "தண்ணி சுமக்குறவன்"னு மட்டம் தட்டுனது ஃபேமஸ். அப்படிப்பட்டவருக்கு கான்டேயோட விலை தெரியாம இருக்குமா.

2018 உலகக் கோப்பையில என்ன செஞ்சாரு?

ஏழு மேட்ச்சும் ஆடுனாரு. பக்கத்துல போக்பா, இடது பக்கத்துல இருந்து உள்ள வந்து உதவி பண்ண மட்யூடி. போக்பா அந்த டோர்னமென்ட்ல அவ்ளோ சுதந்திரமா நீள பாஸ் அடிச்சாருன்னா பின்னாடி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு ஒருத்தர் இருந்தாரு, அதான் காரணம். அர்ஜென்டினாவை 4-3ன்னு ஜெயிச்ச மேட்ச்ல எல்லாரும் எம்பாப்பே ஓட்டத்தைத்தான் பாத்தாங்க, நியாயம்தான், நானும் வாயைப் பொளந்துகிட்டுதான் பாத்தேன். ஆனா மெஸ்ஸி அன்னைக்கு நடுவுல பந்து வாங்க இறங்குற இடத்துல எல்லாம் முன்னாடியே ஒருத்தர் இருந்தாரு. அதைத்தான் ஃபிரெஞ்சு ரசிகர்கள் பாட்டாவே பாடுனாங்க, குட்டையா இருப்பான், நல்ல பையன், மெஸ்ஸியையே தின்னுட்டான்னு. அதே பாட்டுல சீட்டாட்டத்துல ஏமாத்துவான்னு டீம்மேட்டுங்க சொல்ற கிண்டலும் சேந்துருச்சு.

ஃபைனல்ல ஏன் 55ஆவது நிமிஷமே வெளிய எடுத்தாங்க?

வயித்துக் கோளாறு. குரோஷியாவுக்கு எதிரான அந்த மேட்ச்ல உடம்பு சரியில்லாமத்தான் இறங்குனாரு, முதல் பாதியிலயே மஞ்சள் கார்டும் வாங்கிட்டாரு, வழக்கமா தட்டிட்டுப் போற பந்தெல்லாம் கைநழுவிப் போய்க்கிட்டு இருந்துச்சு. டெஷாம்ப் யோசிக்காம இன்னொரு மிட்ஃபீல்டர் என்சோன்சியை இறக்குனாரு, அப்புறம் போக்பாவும் எம்பாப்பேயும் அடிக்க 4-2. அவரோட உலகக் கோப்பையிலயே மோசமான மேட்ச் ஃபைனல்தான்னு ஒத்துக்கணும், ஆனா அதுவரைக்கும் கொண்டு வந்து விட்டதுல அவரு பங்கு என்னன்னு அந்த டீம்ல எல்லாருக்கும் தெரியும். கொண்டாட்டத்துல கோப்பையைத் தூக்க முண்டியடிக்காம நின்னவரு கையில என்சோன்சிதான் சொல்லிக் குடுக்க வெச்சாரு.

2021 சாம்பியன்ஸ் லீக்ல அப்படி என்ன பெருசா ஆடிட்டாரு?

செமி ஃபைனல் ரெண்டு மேட்ச்சுலயும் ஃபைனல்லயும் மேன் ஆஃப் தி மேட்ச் இவருதான். திரும்பப் படிங்க, மூணு மேட்ச்லயும். ஜனவரியில கோச் லாம்பார்டை நீக்கிட்டு டுகெல் வந்தாரு, பின்னாடி மூணு பேரு, நடுவுல கான்டேயும் ஜோர்ஜின்யோவும். எதிர்ல ரியல் மாட்ரிட், மோட்ரிச், குரூஸ், கசமிரோ, பல வருஷம் ஐரோப்பாவை ஆட்டி வெச்ச மூணு பேரு. லண்டன்ல நடந்த ரெண்டாவது மேட்ச் ரெண்டு கோலையும் பாருங்க. முதல் கோல்ல கான்டே வெர்னரோட ஒரு ஒன்-டூ ஆடி முன்னாடி வந்து ஹாவெர்ட்ஸ் கிட்ட குடுக்குறாரு, அவரு சிப் பண்ணுனது பார்ல பட்டுத் திரும்ப வெர்னர் தலையால முட்டுறாரு. ரெண்டாவது, 85ஆவது நிமிஷம், எல்லாரும் நாக்குத் தள்ளிக்கிட்டு நிக்குறப்போ கான்டே மேல போய்ப் பந்தைப் பறிச்சு புலிசிச் கிட்ட குடுக்க, அங்க இருந்து மவுன்ட். இதுல எதுலயும் கோல், அசிஸ்டுன்னு இவரு பேரு வராது.

போர்டோல ஃபைனல், மே 29, எதிர்ல மான்செஸ்டர் சிட்டி. சிட்டி கோச் குவார்டியோலா அன்னைக்குத் தன்னோட டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்ஸ் ரோட்ரியையும் ஃபெர்னான்டின்யோவையும் பெஞ்சுல உக்கார வெச்சது இன்னிக்கு வரைக்கும் பேச்சு. சிட்டி நடுவுல ஒவ்வொரு தடவை வழி தேடுனப்பவும் கான்டே முன்னால வந்து நின்னாரு. 1-0, ஹாவெர்ட்ஸ் கோல். அந்த சீசனோட யுவேஃபா சிறந்த மிட்ஃபீல்டர் அவார்டும் இவருக்கே. உலகத்தோட சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர்ல அஞ்சாவது இடம். ஜோர்ஜின்யோ மூணாவது, இத்தாலியோட யூரோவும் ஜெயிச்சாருல்ல அதனால. என் ஓட்டு வேற மாதிரி இருந்திருக்கும், விடுங்க.

2022 உலகக் கோப்பையில ஏன் இல்ல?

ஆகஸ்ட்ல டாட்டன்ஹாம் மேட்ச்ல ஹாம்ஸ்ட்ரிங் போச்சு, அக்டோபர்ல ஆபரேஷன், கத்தார் உலகக் கோப்பை கைவிட்டுப் போச்சு. 2023 கோடையில செல்சி கான்ட்ராக்ட் முடிஞ்சு சவுதியோட அல் இத்திஹாத்துக்குக் கிளம்பிட்டாரு, பென்சிமா, ஃபாபின்யோ எல்லாரும் போன அதே கோடை. செல்சிக்கு மொத்தம் 269 மேட்ச், 13 கோல்.

சவுதி போனதும் கதை முடிஞ்சுதுன்னு சொன்னாங்களே?

நானும் கேட்டேன். 2024 யூரோவுக்கு டெஷாம்ப் திரும்பக் கூப்பிட்டப்போ இங்க நம்ம ஆளுங்க உட்பட எல்லாரும் சிரிச்சாங்க, 33 வயசு, ரெண்டு வருஷமா தேசிய டீம்லயே இல்ல. ஆஸ்திரியா மேட்ச், நெதர்லாந்து மேட்ச், ரெண்டுலயும் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஃபிரான்ஸ் கோல் அடிக்கத் திணறுன டோர்னமென்ட் அது, செமியில ஸ்பெயின்கிட்ட 2-1ன்னு தோத்தாங்க, ஆனா அவ்ளோ தூரம் வந்ததே தடுப்பாட்டத்தாலதான். வேகம் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, அது கண்ணுக்கே தெரிஞ்சுது. ஓட்டம் மட்டும்தான் அவரு ஆட்டம்னா அங்க அம்பலமாயிருக்கணும்ல? ஆகல. 2024-25ல அல் இத்திஹாத் லீக்கும் கிங்ஸ் கப்பும் சேத்து ஜெயிச்சப்பவும் டீம்ல இருந்தாரு. நடுவுல 2023ல பெல்ஜியத்துல விர்டன்னு ஒரு சின்ன கிளப்பையே வாங்கி ஓனரும் ஆயிட்டாரு.

மினி கூப்பர், மசூதி, பிரியாணி கதை எல்லாம் உண்மையா?

செகண்ட் ஹேண்டு மினி கூப்பர் உண்மை, லெஸ்டர்ல வாங்குனதை செல்சிக்கு வந்தும் ஓட்டுனாரு. 2018ல யூரோஸ்டார் ட்ரெயினைத் தவறவிட்டுட்டு லண்டன்ல பக்கத்து மசூதிக்குப் போனப்போ ஒரு ரசிகர் வீட்டுக்குக் கூப்பிட, போய் கறிக்குழம்பு சாப்பிட்டு வீடியோ கேம் ஆடிட்டு வந்தது உண்மை. பிரியாணின்னு யாரோ சேத்து விட்டது. ஃபுட்பால் உலகத்தோட ரகசியக் கணக்குகளைக் கசியவிட்ட 'ஃபுட்பால் லீக்ஸ்' (Football Leaks) ஆவணங்கள் வெளிவந்தப்போ, வெளிநாட்டுக் கம்பெனி வழியா சம்பளத்துல ஒரு பகுதியை வாங்குற ஏற்பாடு வேண்டாம், சாதாரண சம்பளமாவே குடுங்கன்னு சொன்னதா செய்தி வந்துச்சு, அக்கவுன்டிங் படிச்ச ஆளு, கணக்கு தெரியாம சொல்லியிருக்க மாட்டாரு.

எந்த மேட்ச் பாத்தா இவரு ஆட்டம் புரியும்?

நேரம் இருந்தா முழு மேட்ச் பாருங்க, ஹைலைட்ஸ்ல இவரு இருக்க மாட்டாரு. ரியல் மாட்ரிட்டுக்கு எதிரா 2021 ரெண்டாவது செமி முதல்ல. அப்புறம் அதே வருஷம் ஃபைனல். மூணாவதா ஒண்ணு வேணும்னா 2020 நவம்பர், லிஸ்பன், நேஷன்ஸ் லீக்ல போர்ச்சுகல் 0, ஃபிரான்ஸ் 1. ரொனால்டோ, கிரீஸ்மன் அளவுக்குப் பெரிய பேருங்க இருந்த அந்தப் போட்டியோட ஒரே கோலை அடிச்சது கான்டேதான், கோல்கீப்பர் தட்டி விட்ட பந்து வந்து விழுந்த இடத்துல அவரு ஏற்கனவே நின்னுக்கிட்டு இருந்தாரு.